பாம்புக்கும் புண் வரும்! வலையும் பசை அட்டையும் செய்யும் வினை

வாலாஜாபாத்,

கம்பெனி சுவரோரம் புதர். புதரில் எலி. எலிக்குப் பின்னாலேயே பாம்பு! ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எத்தனை தொழிற்சாலை வந்தாலும் இந்தக் கணக்கு மாறவில்லை. இப்போது கூடுதலாக வந்திருப்பது தோட்டத்து நைலான் வலையும், கடைக்குள் எலிக்கு வைக்கும் பசை அட்டையும். இரண்டிலும் எலியோடு பாம்பும் சிக்குகிறது.

வலைக்குள் தலையை விட்ட பாம்பு பின்னால் வர முடியாது. செதிலில் நூல் மாட்டிக்கொள்ளும். திமிறத் திமிற நூல் இறுகி, தோல் அறுந்து சதை தெரியும். பசை அட்டையில் ஒட்டியதை இழுத்தால் செதிலோடு உரிந்து வரும்.

நாமே வைத்தியம் பார்க்கலாமா?

கூடவே கூடாது! சிக்கிய பாம்பும் கடிக்கும். தள்ளி நின்று 101 அல்லது 112-க்குப் போன் போடுங்கள். தீயணைப்புப் படையினர் வருவார்கள்.

பழகியவர்கள் நூலை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பார்கள். பசையை சமையல் எண்ணெய் விட்டு இளக்குவார்கள். பிறகு கால்நடை டாக்டர் உப்பு நீரில் புண்ணைக் கழுவி மருந்து போடுவார். ஆழமான வெட்டு என்றால் தையல். புண் மெதுவாகத்தான் ஆறும். ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் தழும்பு தேறும். மண்ணெண்ணெய், பினாயில் ஊற்றுவது பாம்பைக் கொல்லும் வேலை!

பெட்டிக்குள் பாம்பு

2023 ஏப்ரலில் கோலாலம்பூரிலிருந்து சென்னை விமான நிலையம் வந்த ஒரு பெண் பயணியின் பெட்டிகளில் 22 பாம்புகளை சுங்க அதிகாரிகள் பிடித்தார்கள். பாம்பு வளர்க்கும் ஆசை இங்கேயும் வந்துவிட்டது. நல்ல பாம்பு, சாரை, மலைப்பாம்பு போன்ற நம்மூர்ப் பாம்புகளை வீட்டில் வைத்தால் 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஜெயில் உண்டு!

பெட்டியில் அடைத்த பாம்புக்குப் புண் வருவதும் மனிதனால்தான். தரை ஈரமாக இருந்தால் வயிற்றில் கொப்புளம். சூட்டுக்கு வைத்த பல்பு மேலே பட்டால் தீக்காயம். உயிரோடு போட்ட எலி திருப்பிக் கடித்தால் வெட்டு. உரியாத சட்டையைப் பிய்த்தால் புதுத் தோலும் கிழியும்.

இருளர் கைப்பக்குவம்

மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தைப் பாருங்கள். பாம்பை மண்பானையில் வைத்து, வாயைத் துணியால் கட்டுகிறார்கள். சில வாரங்கள் விஷம் எடுத்த பின் காட்டில் விடுகிறார்கள். அதே பாம்பு மறுபடி வராமலிருக்க அடி வயிற்றுச் செதிலில் சின்னக் குறி. சில முறை சட்டை உரித்தால் அதுவும் மறைந்துவிடும்! இந்தச் சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ அறிவித்தார்கள்.

அங்கே எடுக்கும் விஷத்திலிருந்துதான் பாம்புக்கடி மருந்து தயாராகிறது. கடிபட்டால் கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள். கை காலை அசைக்காமல் நேரே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைக்காரர்களே! பசை அட்டையை விட்டு எலிக்கூண்டு வையுங்கள். பழைய வலையைச் சுருட்டி உள்ளே போடுங்கள். குப்பையை அன்றன்றே அள்ளுங்கள். எலி போனால் பாம்பும் தன் வழியே போய்விடும்!