புதுக் கார் வாங்குமுன் பின் இருக்கையில் அமர்ந்து பாருங்கள்

நெமிலிச்சேரி, பட்டாபிராம், திருநின்றவூர்ப் பகுதிகளில் வீடு வாங்கிக் குடியேறும் இளந்தம்பதியர் பலருக்கு, திருமணமான முதல் ஓரிரு ஆண்டுகள் ஸ்கூட்டரும் மின்சார ரயிலும் போதுமானவையாக இருக்கின்றன. கருவுற்ற செய்தி உறுதியானதும் கார் பற்றிய பேச்சு தொடங்குகிறது. மகப்பேறு பிரிவின் காத்திருப்பு அறையில் கணவனும் மனைவியும் ஒரே கைப்பேசியில் கார்ப் படங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எங்களுக்குப் பழகிய காட்சி. பேசப்படுவன பெரும்பாலும் நான்கு: விலை, மாதத் தவணை, மைலேஜ், நிறம். இந்நான்கும் வேண்டியவையே. ஆயினும் விபத்தில் காயமுற்றோரைக் கையாளும் இடத்தில் இருக்கும் எங்களுக்கு, அந்தப் பேச்சில் ஐந்தாவதாக ஒன்று சேர வேண்டும் என்று தோன்றுகிறது. அந்தக் காரின் பின் இருக்கையில் யார் அமரப் போகிறார், அவரை அது எப்படிக் காக்கும் என்பதே அது.

இவ்வூருக்கு இந்தக் கேள்வி கூடுதலாகப் பொருந்தும். வண்டலூரிலிருந்து நெமிலிச்சேரி வரையிலான வெளிவட்டச் சாலை 2014-இல் திறக்கப்பட்டது. நெமிலிச்சேரியிலிருந்து மீஞ்சூர் வரையிலான பகுதி 2021-இல் பயன்பாட்டிற்கு வந்தது. நானூறு அடிச் சாலை என்று நாம் அழைக்கும் இந்த ஆறுவழிப் பாதை, ஆவடியின் நெரிசலில் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஊர்ந்த குடும்பத்தைச் சில நிமிடங்களில் 80 கிலோமீட்டர் வேகத்திற்குக் கொண்டு சென்றுவிடுகிறது. ஊர்ச் சாலையில் பழகிய பழக்கங்கள் அந்த வேகத்திற்குப் போதா.

அப்பழக்கங்களுள் மிக ஆபத்தானது, குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் அமர்வது. தாயின் அணைப்பைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என்ற நம்பிக்கை நம் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. வீட்டிற்குள் அது உண்மையும்கூட. ஓடும் காரில் கணக்கு வேறு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதன்மீதேனும் மோதி, முன்பக்கம் அரை மீட்டர் நசுங்கி நிற்பதாகக் கொள்வோம். அந்தக் கணத்தில் 8 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 160 கிலோ எடையைத் தாங்கும் வலிமை வேண்டும். எந்தத் தாயின் கையிலும் அது இல்லை. அந்த வேகத்தில் மோதுவது, சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றடுக்கு வீட்டின் மொட்டை மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். தாய் பெல்ட் அணியாதிருந்தால் அவருடைய உடல் எடையும் குழந்தையின்மீது சேர்ந்து நெரிக்கும். ஏர்பேக் எனப்படும் காற்றுப்பை கண்ணிமைக்கும் நேரத்திற்குள் வெடித்து விரிவது. பெல்ட் அணிந்த பெரியவரைக் காக்கும் அதே பை, முன் இருக்கையில் உள்ள கைக்குழந்தையைக் கொன்றுவிடக்கூடும்.

ஆகவே குழந்தைக்கென்று தனி இருக்கை வேண்டும். அது பின்னால் இருக்க வேண்டும். கைக்குழந்தையாயின் காரின் பின்புறத்தை நோக்கியவாறு பொருத்தப்பட வேண்டும். குழந்தையின் தலை உடலோடு ஒப்பிடப் பெரியது, கழுத்து மெலிந்தது. பின்னோக்கிய இருக்கையில் மோதலின் விசை முதுகு முழுவதும் பரவுகிறது; முன்னோக்கிய இருக்கையிலோ கழுத்து தனியே அதைச் சுமக்கிறது. குறைந்தது ஒன்றேகால் வயது வரையிலும், இயன்றால் இரண்டு வயதைக் கடந்தும், பின்னோக்கியே அமர்த்துவது நல்லது. இத்தகைய இருக்கைகள் கைக்குழந்தைகளின் இறப்பை 71 விழுக்காடு வரை குறைக்கக்கூடும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194பி பிரிவு விதிக்கிறது. இச்சட்டம் பலருக்குத் தெரியாது.

“குழந்தை அழுதால் என்ன செய்வது?” என்று தாய்மார் கேட்பர். நியாயமான கேள்வி. வண்டியை ஓரமாக நிறுத்தி, எடுத்து, பாலூட்டி, மீண்டும் அமர்த்த வேண்டும். வேறு குறுக்குவழி எங்களுக்குத் தெரியவில்லை. மருத்துவமனையிலிருந்து வீட்டிற்குச் செல்லும் முதல் பயணத்திலேயே அந்த இருக்கையில் அமர்ந்த குழந்தை, அதைத் தன் இடமாக விரைவில் ஏற்றுக்கொள்கிறது.

இனிக் காரைப் பார்ப்போம். எந்த நிறுவனத்தையும் நாங்கள் பரிந்துரைக்கப் போவதில்லை. 2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குளோபல் என்கேப் அமைப்பு, இந்தியாவில் பெருமளவில் விற்பனையான ஐந்து சிறிய கார்களை மோதவிட்டுச் சோதித்தது. ஐந்தும் ஒரு நட்சத்திரம்கூடப் பெறவில்லை. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான், பெரியவர்களின் பாதுகாப்பிற்கு ஐந்து நட்சத்திரம் பெற்ற முதல் இந்தியத் தயாரிப்பாயிற்று. 2023 அக்டோபர் முதல் நம் அரசின் பாரத் என்கேப் திட்டம் நடைமுறையில் உள்ளது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்க மோதல், 50 கிலோமீட்டரில் பக்கவாட்டு மோதல் ஆகியவற்றில் பெறும் மதிப்பெண்கள், பெரியவர்களுக்கு 32-க்கும் குழந்தைகளுக்கு 49-க்கும் தனித்தனியே வழங்கப்படுகின்றன. ஷோரூமில் காட்டப்படும் நட்சத்திரம் எவருக்குரியது என்று கேளுங்கள். ஆறு காற்றுப்பை இருப்பதாலேயே ஐந்து நட்சத்திரம் என்று ஆகிவிடாது. உடற்கூடு மோதலைத் தாங்கி நிற்கிறதா என்பதும் சேர்ந்தே அளக்கப்படுகிறது. சோதனைக்கு உட்படுத்தப்படாத கார்களும் சந்தையில் உண்டு.

அடுத்து, பின்கதவைத் திறந்து உள்ளே அமருங்கள். நடு இருக்கையில் தோளையும் இடுப்பையும் பிடிக்கும் மும்முனைப் பெல்ட் உள்ளதா, இடுப்பை மட்டும் சுற்றும் வாரா? குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் எளிதில் விரலுக்கு அகப்படுகின்றனவா? இருக்கையை முன்னரே வாங்கியிருந்தால் கையோடு எடுத்துச் சென்று பொருத்திப் பாருங்கள். விற்பனையாளர் சற்று வியப்படையலாம்.

பின் இருக்கைக்குப் பெல்ட் எதற்கு என்று கருதுவோர் இன்னும் பலர். 2022 செப்டம்பர் 4 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கர் அருகே நேர்ந்த விபத்தில் டாடா குழுமத்தின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி உயிரிழந்தார். அது விலையுயர்ந்த சொகுசுக் கார். முன்னால் இருந்த இருவர் பலத்த காயங்களுடன் பிழைத்தனர். பின்னால் இருந்த இருவரும் இறந்தனர். பின்னால் இருந்தவர்கள் பெல்ட் அணிந்திருக்கவில்லை என்று காவல்துறை தெரிவித்தது.

கருவுற்ற தாய்மாரும் பெல்ட்டைத் தவிர்க்கலாகாது. கீழ்வார் வயிற்றின் மேல் படாமல், அதற்குக் கீழே இடுப்பெலும்பை ஒட்டிச் செல்ல வேண்டும். மேல்வார் மார்பகங்களுக்கிடையே இறங்கி வயிற்றின் பக்கவாட்டில் செல்ல வேண்டும். சேலை கசங்கும் என்பது உண்மைதான்.

விலையைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 2025 செப்டம்பர் 22 முதல் நான்கு மீட்டருக்கு மிகாத, 1,200 சிசிக்கு உட்பட்ட பெட்ரோல் கார்களின் ஜி.எஸ்.டி. 18 விழுக்காடாகக் குறைந்துள்ளது. மிஞ்சும் தொகையைப் பளபளக்கும் சக்கரங்களுக்கோ பெரிய திரைக்கோ செலவிடுமுன் குழந்தை இருக்கைக்கு ஒதுக்குங்கள். கடைத்தெருவில் மாட்டித் தரும் சில பொருள்களை மறுத்துவிடுங்கள். பக்கவாட்டுக் காற்றுப்பை இருக்கையினுள் பொதிந்திருந்தால், தடித்த சீட் கவர் அது விரிவதைத் தடுக்கும். முன்பக்க இரும்புத் தடுப்புகள் சட்டத்திற்குப் புறம்பானவை, பாதசாரிகளுக்கும் ஆபத்தானவை. பெல்ட் அணியாமலேயே எச்சரிக்கை ஒலியை நிறுத்தும் கொக்கியைப் பற்றி என்ன சொல்வது! காசு கொடுத்து ஆபத்தை வாங்கும் செயல் அது.

2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை இவ்வட்டாரத்தார் மறந்திருக்கமாட்டார்கள். காப்பீடு எடுக்கையில் இன்ஜின் பாதுகாப்பிற்கான கூடுதல் பிரிவு உண்டா என்று பாருங்கள். தண்ணீரில் நின்றுபோன வண்டியை மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயன்றால், இன்ஜினுக்குள் நீர் புகுந்து பெருஞ்செலவு வைக்கும்.

வண்டி வந்ததும் பலர் திருநின்றவூர் இருதயாலீசுவரர் கோயிலில் பூசை செய்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைப்பர். மனத்துக்குள்ளேயே கோயில் எழுப்பிய பூசலார் நாயனாரின் தலம் அது. நம் தம்பதியரும் பல மாதங்கள் மனத்தில் ஓட்டிப் பார்த்த காரைத்தான் அங்கே கொண்டு செல்கிறார்கள்.

அந்தக் கார் குழந்தைக்கு மட்டும் அன்று. சில ஆண்டுகளில் அதுவே பெற்றோரையும் மறுபரிசோதனைக்கு எங்களிடம் அழைத்து வரும். பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டோர், மார்பெலும்பு கூடும் வரையிலான முதல் வாரங்களில் வண்டி ஓட்டாமல், காற்றுப்பைக்கு எதிரே அமராமல், பின் இருக்கையில் மார்புக்கும் பெல்ட்டுக்கும் இடையே சிறு துண்டை மடித்து வைத்து அமர்வது நன்று. முழங்கால், இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டோருக்குத் தாழ்ந்த இருக்கை வேதனை தரும். மிக உயர்ந்த படியும் ஏற முடியாதது. ஆதலால் ஷோரூமிற்கு மாமியாரையும் மாமனாரையும் அழைத்துச் செல்லுங்கள். பின்கதவைத் திறந்து அவர்களை அமரச் சொல்லுங்கள். பிறகு எழுந்து வெளியே வரச் சொல்லுங்கள். பிறர் கைத்தாங்கலின்றி அவர்கள் எழுந்து நிற்க முடிந்தால், அந்த உயரம் பொருந்தும்.