குகைப்பயணம்

குகைப்பயணம் என்பது இயற்கையாக அமைந்த குகைகளுக்குள் பொழுதுபோக்கிற்காகவும், நிலத்தடி வழிகளைக் கண்டறிந்து அளப்பதற்காகவும் மேற்கொள்ளப்படும் பயணம் ஆகும். குகைகளை அறிவியல் முறையில் ஆராயும் துறை குகையியல் எனப்படும். இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள எல்லை தெளிவானதன்று. உலகின் நீண்ட குகைகள் பலவற்றை அளந்து வரைந்தவர்கள் ஊதியம் பெறாத சங்க உறுப்பினர்களே ஆவர். மின்விளக்கும் படிக்கட்டும் அமைத்துக் கட்டணம் பெறும் குகைகளைச் சுற்றிப் பார்ப்பது பொதுவாக இதில் அடங்காது.

பாறையும் குகையும்

நீண்ட குகைகள் பெரும்பாலும் சுண்ணாம்புப் பாறையிலேயே தோன்றுகின்றன. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கார்பன்-டை-ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அது பாறை வெடிப்புகளின் வழியே இறங்கிச் சுண்ணாம்பைக் கரைக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகளில் மயிரிழை போன்ற வெடிப்பு மனிதர் நடக்கும் வழியாக விரிகிறது.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரிஷிவந்தியம் பகுதியிலோ, அதற்கு மேற்கே உள்ள கல்வராயன் மலையிலோ இந்நிலை இல்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் சார்னோக்கைட்டு, நைசு போன்ற கடினப் பாறைகளால் ஆனது. இவை நீரில் எளிதில் கரைவதில்லை. ஆகவே இங்கு குகை எனப்படுபவை பெரும்பாலும் உருண்டு சாய்ந்த பாறைகளின் இடைவெளிகளும், பாறைக்கு அடியில் அமைந்த ஒதுக்கிடங்களுமே. ஊரார் குறிப்பிடும் நீண்ட சுரங்கவழிக் கதைகளை இந்த அளவுகோலால் எடைபோடுதல் நல்லது.

ஆயினும் இத்தகைய சிறு குகை ஒன்று தமிழக வரலாற்றையே தெளிவுபடுத்தியுள்ளது. திருக்கோவிலூரை அடுத்த ஜம்பையில் உள்ள பாறைக்குகையில் 1981ஆம் ஆண்டு தமிழ்நாடு தொல்லியல் துறையினர் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு ஒன்றைக் கண்டறிந்தனர். அதியமான் நெடுமான் அஞ்சி அக்குகையைக் கொடையாக அளித்ததை அது கூறுகிறது. அசோகரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரருடன் குறிக்கப்படும் 'சதியபுதோ' யார் என்னும் நெடுநாள் வினாவிற்கு இக்கல்வெட்டு விடையளித்தது. அப்பெயர் இங்கு அதியமானுக்கு அடைமொழியாக வருகிறது. குகையைக் குறிக்க இதில் ஆளப்படும் சொல் 'பாளி' என்பதாகும். முழை, அளை என்பனவும் தமிழில் பழங்காலந்தொட்டு வழங்கும் சொற்களே. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் பெயர் கீறுவது தண்டனைக்குரிய குற்றமாகும். இத்தகைய ஒரு வரிக் கல்வெட்டின் மேல் பூசப்படும் வண்ணம் என்ன அழிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சங்கங்கள்

பிரெஞ்சு நாட்டவரான எதுவார்-அல்பிரட் மார்த்தேல் 1895இல் இங்கிலாந்தின் கேப்பிங் கில் என்னும் ஆழ்குழியில் இறங்கியது இத்துறையின் தொடக்க நிகழ்வுகளுள் ஒன்று. அக்குழியில் இறங்க முயன்றுகொண்டிருந்த யார்க்சயர் ராம்ப்ளர்சு சங்கம் 1892இல் தோன்றியது. அமெரிக்காவின் தேசிய குகையியல் கழகம் 1941இல் அமைந்தது.

இந்தியாவில் இவ்வகைப் பயணம் வேரூன்றியுள்ள இடம் மேகாலயா ஆகும். சில்லாங்கைச் சேர்ந்த மேகாலயா சாகசக்காரர் சங்கம், பிரையன் கார்ப்ரான் டாலியின் முன்முயற்சியால், ஐரோப்பியக் குகையாளர்களுடன் இணைந்து 1992 முதல் ஆய்வுப் பயணங்களை நடத்தியுள்ளது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட குகைகள் இவ்வாறு பதிவாகியுள்ளன. காசி மொழியில் 'கிரெம்' என்றால் குகை. செயந்தியா மலையிலுள்ள கிரெம் லியாட் பிரா 30 கிலோமீட்டருக்கும் மிகுந்த நீளமுடையது. 2018இல் அளக்கப்பட்ட கிரெம் புரி ஏறத்தாழ 24.5 கிலோமீட்டர் நீளமுடையது. வியப்பாக, இது மணற்பாறையில் அமைந்தது.

தமிழகத்திற்கு அருகிலுள்ள நீண்ட குகை ஆந்திரப் பிரதேசத்தின் பேலம் ஆகும். இதன் நீளம் 3,229 மீட்டர். இராபர்ட் புரூசு பூட் 1884இல் இதைக் குறிப்பிட்டார். டேனியல் கெபாவர் தலைமையிலான செருமானியக் குழு 1982, 1983ஆம் ஆண்டுகளில் இதை விரிவாக ஆராய்ந்தது. 2002 முதல் இதன் ஒரு பகுதி சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்துவிடப்பட்டது.

பயணம் நடைபெறும் முறை

சங்கப் பயணங்களில் பொதுவாக நால்வருக்குக் குறையாமல் செல்வர். ஒருவர் காயமுற்றால் ஒருவர் உடனிருக்கவும், இருவர் வெளியேறி உதவி கோரவும் வேண்டும் என்பதே இக்கணக்கு. செல்லும் குகையின் பெயரும் திரும்பும் நேரமும் வெளியிலுள்ள ஒருவரிடம் சொல்லப்படும். குறித்த நேரம் கடந்தால் அவர் காத்திராமல் மீட்புக் குழுவை அழைப்பார். உள்ளே கைப்பேசி அலை எட்டாது என்பதால் இதற்கு மாற்று இல்லை.

ஒவ்வொருவரும் தாடைப்பட்டை உள்ள தலைக்கவசமும், ஒன்றையொன்று சாராத மூன்று விளக்குகளும் வைத்திருத்தல் மரபு. முன்பு கார்பைடில் நீர் சொட்டவிட்டு எரியும் அசிட்டிலீன் விளக்குகள் பயன்பட்டன, இப்போது எல்.ஈ.டி. தலைவிளக்குகளே பெருவழக்கு. செங்குத்துக் குழிகளில் அதிகம் நீளாத நைலான் கயிற்றில் இறங்கி, அதே கயிற்றில் பற்றுக்கருவிகளைக் கொண்டு ஏறுவர். இறங்குவது எளிது, ஏறுவதே கடினம். புதியவர்கள் வெளியே மரத்திலோ பாறையிலோ இதைப் பழகிய பின்னரே உள்ளே அழைத்துச் செல்லப்படுவர்.

இடர்கள்

வழுக்கி விழுதலே பரவலான விபத்து. கொடியது வெள்ளம். தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் 2018 சூன் 23 அன்று நுழைந்த 12 சிறுவர்களும் அவர்தம் பயிற்றுநரும் மழைவெள்ளத்தால் சிக்கினர். சூலை 2 அன்று அவர்களைக் கண்டறிந்தவர்கள் இரு பிரித்தானியக் குகை முக்குளிப்பாளர்கள். குகைப்பயணத்தை ஓய்வுநேர ஈடுபாடாகக் கொண்டவர்கள். சூலை 10இல் அனைவரும் மீட்கப்பட்டனர். மீட்புப் பணியின்போது தாய்லாந்துக் கடற்படையின் முன்னாள் வீரர் ஒருவர் உயிரிழந்தார். மேகாலயாவின் பெரும் பயணங்கள் வறண்ட பிப்ரவரி மாதத்தை ஒட்டி வைக்கப்படுவதும் வெள்ளத்தைக் கருதியே.

தமிழகத்தில் நன்கறியப்பட்டது கொடைக்கானலின் குணா குகை. 1991இல் வெளியான திரைப்படத்தால் இப்பெயர் பெற்ற இது, பாறைகளுக்கு இடையே ஆழ்ந்த பிளவுகளைக் கொண்டது. 2006இல் கேரளத்திலிருந்து வந்த நண்பர் குழுவில் ஒருவர் பிளவுக்குள் விழ, மற்றொருவர் கயிற்றில் இறங்கி அவரை மீட்டார். 2024இல் வெளிவந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' இதை அடிப்படையாகக் கொண்டது. அவர் உயிர்பிழைத்தது அரிய விதிவிலக்கு. முறையான கயிறும் பயிற்சியும் இல்லாமல் இறங்குபவர், மீட்கப்பட வேண்டிய இரண்டாமவர் ஆவதே வழக்கம்.

தாழ்வான அறைகளில் கார்பன்-டை-ஆக்சைடு தேங்கக்கூடும். வௌவால் எச்சம் மிகுந்த இடங்களில் பூஞ்சைத் துகள்களால் நுரையீரல் நோய் ஏற்படுவதுண்டு.

குகைகளின் பாதுகாப்பு

கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகள் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலேயே வளர்கின்றன. நினைவுப்பொருளாக ஒடிக்கப்படும் ஒரு சாண் விழுது ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு வளர்ச்சியாகும். கையின் எண்ணெய்ப் பசை பட்டாலே வளர்ச்சி தடைப்படலாம் என்பதால் தொடுவதும் தவிர்க்கப்படுகிறது. கல்வராயன் மலையின் காப்புக்காடுகளுக்குள் செல்ல வனத்துறையின் இசைவு தேவை. மேகாலயாவிலோ குகையைத் தாங்கும் அதே சுண்ணாம்புப் பாறையைச் சிமெண்டு ஆலைகளும் நாடுகின்றன. ஒரு குகையை அளந்து வரைபடமாக்கினால்தான் மலைக்கடியில் அது இருப்பதையே நிறுவ முடியும் என்பதால், அங்குள்ள குகையாளர்களின் அளவைப்பணி பொழுதுபோக்கு என்னும் எல்லையைக் கடந்துவிட்டது.