பழைய டெக்கில் டிஜிட்டல் சனல்: விற்க முன் சொல்ல வேண்டியவை

யட்டவத்த போன்ற சிறு நகரங்களில் டீவி, ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கும் நமது சகோதரர்களிடம் இன்னும் ஒன்றிரண்டு வீடியோ டெக்குகளும் டீவீடீ ரெகோடர்களும் இருக்கவே செய்கின்றன. கல்யாணக் கசட்டைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று யாராவது தேடி வருவார்கள். 2016 ஜூலையில் ஜப்பானின் பூனாய் நிறுவனமும் டெக் தயாரிப்பை நிறுத்திவிட்டதால் இருக்கும் சரக்குக்கு ஒரு விலை உண்டு. ஆனால், "இதில் டிஜிட்டல் சனலைப் பதிய முடியுமா?" என்று வாடிக்கையாளர் கேட்டால் என்ன சொல்வது?

முடியும், ஆனால் நேரடியாக அல்ல. பழைய டெக்குக்குள் இருக்கும் டியூனர் அனலொக் அலைவரிசையை மட்டுமே பிடிக்கும். அன்டனா வயரை அதில் செருகி டிஜிட்டல் சனலைத் தேடினால் வெறும் இரைச்சல்தான். இடையில் ஒரு செட்டொப் பெட்டி வேண்டும். பெட்டியின் மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயர்களை டெக்கின் ஏவீ உள்வாங்கியில் செருகி, டெக்கையும் ஏவீ நிலைக்கு மாற்றினால் பதிவாகும்.

அமெரிக்காவில் 2009 ஜூன் 12 இல் பெரிய நிலையங்களின் அனலொக் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டது. பெட்டி வாங்க ஒரு வீட்டுக்கு 40 டொலர் கூப்பன் இரண்டு வரை அரசாங்கம் கொடுத்தது. பெட்டி கிடைத்த பிறகுதான் டெக் வைத்திருந்தவர்களுக்கு அடுத்த தலையிடி தொடங்கியது. சனலை மாற்றுவது இப்போது டெக் அல்ல, பெட்டி. இரவு எட்டு மணிக்கு ஒரு சனல், ஒன்பதுக்கு இன்னொன்று என்று டெக்கில் நேரம் வைத்தாலும், பெட்டி எந்தச் சனலில் நிற்கிறதோ அதுவே இரண்டு மணித்தியாலமும் பதியும். பெட்டி அணைந்திருந்தால் அதுவும் இல்லை. நேரம் வைக்கும் வசதி பெட்டியிலும் இருந்தால் இரண்டிலும் வைக்கலாம். அந்நாளைய பெட்டிகள் பலவற்றில் அது இருக்கவில்லை.

நமது நாடு 2014 இல் ஜப்பானிய டிஜிட்டல் முறையைத் தெரிவு செய்தது. பிறகு அந்தத் திட்டம் வருடக்கணக்கில் இழுபட்டது. அதனால் இங்கு வாடிக்கையாளர் 'டிஜிட்டல்' என்பது பெரும்பாலும் டிஷ் இணைப்பையே. டிஷ் பெட்டியானாலும் அன்டனாப் பெட்டியானாலும் வயர் கொடுக்கும் முறை ஒன்றுதான். பெட்டியில் எச்.டீ.எம்.ஐ. துளை மட்டும் இருந்தால் தனியாக ஒரு மாற்றி வாங்க வேண்டும். பதிவுத் தடை உள்ள சனலில் அதுவும் கைகொடுக்காமல் போகலாம். அகலத் திரைப் படம் பழைய டெக்கில் ஒடுங்கித் தெரிந்தால் அது டெக்கின் பழுதல்ல. பெட்டியில் திரை அளவை 4:3 என மாற்றினால் சரியாகும்.

பெரிய ஏமாற்றம் ஜப்பானிலிருந்து வரும் பாவித்த ரெகோடர்களில்தான். அவை 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. நமது 230 வோல்ட்டில் நேரே செருகினால் போச்சு. ட்ரான்ஸ்ஃபோமர் செலவையும் விலையோடு சேர்த்துச் சொல்ல வேண்டும். அதைவிட முக்கியம், அவை என்.டீ.எஸ்.சீ. முறைக்கு உரியவை, நமதோ பால் முறை. பெட்டியை என்.டீ.எஸ்.சீ.க்கு மாற்ற முடியாவிட்டால் படம் ஒழுங்காகப் பதியாது. உள்ளே டிஜிட்டல் டியூனர் இருந்தாலும் அது ஜப்பானின் 6 மெகாஹேர்ட்ஸ் சனல்களுக்கானது, நமது யூ.எச்.எஃப். சனல்களின் அகலம் 8 மெகாஹேர்ட்ஸ். 'டிஜிட்டல்' என்று முகப்பில் எழுதியிருப்பதைக் காட்டி விற்பது எந்த வகையில் சேரும்?

தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியைக் கேட்ட சம்பவம் நமக்குத் தெரியாததல்ல. வாடிக்கையாளரின் பெட்டியைக் கடைக்கே கொண்டுவரச் சொல்லி, பத்து நிமிடம் பதிந்து, ஓட்டிக் காட்டி விடுங்கள். எந்தப் பெட்டியோடு பரீட்சித்தீர்கள் என்பதைப் பில்லிலும் எழுதுங்கள்.

இன்னொன்று. பால் டெக் நல்ல நிலையில் ஒன்று கையிலிருந்தால் அதை விற்க அவசரப்படாதீர்கள். பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிய கல்யாணக் கசட்டுகளைப் பென் டிரைவுக்கு மாற்றிக் கொடுக்கும் வேலைக்கு அது வேண்டும். ஒருமுறை விற்பதைவிட அதில் வரும் கூலி கூட.