நடுங்கும் கையும் தாளமும்

காபிக் குவளையைப் பிடிக்கும்போது தாத்தாவின் கை நடுங்குகிறது. சட்டைப் பொத்தானைப் போட நெடுநேரம் ஆகிறது. கையெழுத்து வரவரச் சிறுத்துப் போகிறது. முகத்தில் சிரிப்பும் குறைகிறது. இதைக் கண்ட பேரப்பிள்ளைகள், 'தாத்தா கோபமாக இருக்கிறார்' என்று எண்ணி விலகிச் செல்வதுண்டு. ஆனால், அது கோபமன்று; முகத் தசைகளின் அசைவு குறைந்ததன் விளைவு. இந்நோய்க்கு நடுக்குவாதம் என்று பெயர். இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817ஆம் ஆண்டில் இதனைப் பற்றி விரிவாக எழுதினார். ஆகவே, இது பார்க்கின்சன் நோய் என்றும் அழைக்கப்படுகிறது.

நடுமூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளை உண்டாக்கும் உயிரணுக்கள் உள்ளன. உடல் அசைவுகள் சீராக நடைபெற இப்பொருள் தேவை. அவ்வுயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிவதால் நடுக்கம், தசை இறுக்கம், அசைவில் தாமதம், நிலைதடுமாற்றம் ஆகியவை ஏற்படுகின்றன. லெவோடோப்பா என்னும் மருந்து மூளைக்குள் சென்று டோபமினாக மாறுகிறது. அதனால் துன்பம் தணிகிறது. ஆயினும், நோய் முற்றிலும் நீங்குவதில்லை. எனவே, மருந்தோடு உடலையும் மனத்தையும் ஒருங்கே பழக்கும் பயிற்சிகளையும் நோயாளர் பலர் நாடுகின்றனர்.

அவற்றுள் ஒன்று நடனம். அமெரிக்காவின் புரூக்ளினில் மார்க் மோரிஸ் நடனக் குழு 2001ஆம் ஆண்டில் இந்நோயாளர்களுக்கான நடன வகுப்புகளைத் தொடங்கியது. நம் நாட்டில் புனே நகரிலும் இத்தகைய வகுப்புகள் நடைபெற்றுள்ளன. நடக்கத் தடுமாறுபவர் எவ்வாறு ஆட முடியும்? நாம் நடக்கும்போது அடுத்த அடியை எடுத்து வைக்குமாறு மூளை தானாகவே தூண்டுகிறது. நோயாளருக்கு அத்தூண்டுதல் தளர்ந்துவிடுகிறது. அதனால், வாயிற்படி அருகே வந்ததும் கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டாற்போல் நின்றுவிடுவதுண்டு. அந்நேரத்தில் பாட்டின் தாளமோ தரையில் வரைந்த கோடோ வெளியிலிருந்து வழிகாட்டினால், பலருக்குக் கால் மீண்டும் நகர்கிறது.

மற்றொன்று, தாய்ச்சி என்னும் சீனப் பயிற்சி. மெதுவாக உடலைச் சாய்த்தும் திருப்பியும் செய்வது இது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 195 நோயாளர்களிடம் ஓர் ஆய்வு நடத்தப்பட்டு, 2012ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. வாரம் இருமுறை வீதம் 24 வாரங்கள் தாய்ச்சி பயின்றவர்கள், பிற பயிற்சிகளைச் செய்தவர்களைவிட உடலை நிலைநிறுத்துவதில் மேம்பட்டனர். தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடக் குறைவாகவே கீழே விழுந்தனர்.

மூலிகைகளை நாடுவோரும் உளர். பூனைக்காலி விதையில் லெவோடோப்பா இயற்கையாகவே உள்ளது. ஆனால், அதன் அளவு விதைக்கு விதை வேறுபடும். மருத்துவர் தந்த மாத்திரையோடு அதனையும் உட்கொண்டால் மருந்தின் அளவு மிகுந்து தீங்கு விளையக்கூடும். மருத்துவரிடம் கூறாமல் மூலிகையை உண்பதும், மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் ஆபத்தானவை.

வீட்டிலுள்ள சிறுவர்களும் துணைபுரியலாம். தாத்தா பொத்தானைப் போடும்வரை பொறுமையாகக் காத்திருக்கலாம். வாயிற்படியில் அவர் நின்றுவிட்டால், கையைப் பிடித்து இழுக்காமல், 'ஒன்று, இரண்டு' என்று தாளமிட்டு எண்ணலாம். அவர் முகம் சிரிக்காவிட்டாலும் உள்ளம் மகிழ்கிறது என்பதை அறிந்து அருகில் அமரலாம்.