கோடை நட்பும் கணக்குப் புத்தகமும்

கோடை விடுமுறை பிறந்துவிட்டால் என் நண்பராகிய பள்ளி ஓவிய ஆசிரியர் வடக்கனந்தலில் தங்குவதில்லை. மனைவி மக்களை அழைத்துக்கொண்டு ஏதேனும் ஓரூருக்குப் புறப்பட்டுவிடுவார். கையில் வரைபுத்தகமும் பென்சில்களும் இருக்கும்; தூக்குப் பாத்திரத்தில் புளிச்சோறு இருக்கும். ஓர் ஆண்டு தஞ்சை, ஓர் ஆண்டு மாமல்லபுரம், கையில் பணம் குறைந்த ஆண்டில் கல்வராயன் மலையடிவாரத்துக் கோமுகி அணைக்கரை. சென்ற கோடையில் அவருடைய குடும்பமும் எங்கள் குடும்பமும் ஒன்றாகச் சென்று, சென்னைக்குத் தெற்கே கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்திலுள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்தைக் கண்டு வந்தோம்.

ஓவியர் கிராமத்துக்கும் கூட்டுறவுப் பத்திரிகைக்கும் என்ன தொடர்பு என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அக்கிராமம் துணி விற்ற பணத்தில் எழுந்தது. அதனை எழுப்பியவர்கள் ஒரு சங்கமாகக் கூடிய நண்பர்கள். ஆகவே அது நம் வீட்டுக் கதையே ஆகும்.

கல்லூரி முடிந்த பின்

சென்னையில் 1850-ஆம் ஆண்டில் தொடங்கிய கலைப் பள்ளி, பின்னாளில் அரசினர் கவின்கலைக் கல்லூரியாக வளர்ந்தது. 1957 முதல் 1967 வரை அதன் முதல்வராக விளங்கியவர் கே. சி. எஸ். பணிக்கர். 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்த இவர், அதே பள்ளியில் தேவி பிரசாத் ராய் சௌத்ரியிடம் பயின்றவர். 1944-இலேயே தம் தோழர்களுடன் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்.

முதல்வர் நாற்காலியில் அமர்ந்த பணிக்கரை வாட்டிய கவலை ஒன்றுண்டு. படிக்கும் காலத்தில் மாணவர்கள் ஒன்றாக உண்டு, ஒன்றாக உலவி, ஒருவர் படத்தை மற்றொருவர் விமரிசித்து வளர்கின்றனர். படிப்பு முடிந்தவுடன் ஆளுக்கொரு திசையாகப் பிரிகின்றனர். ஒருவர் விளம்பரக் கம்பெனிக்குச் செல்கிறார். ஒருவர் பள்ளி ஆசிரியராகிறார். ஒருவர் ஊரோடு போய்விடுகிறார். வயிற்றுப்பாட்டுக்காகத் தூரிகையைக் கீழே வைப்பவர் மீண்டும் அதை எடுப்பது அரிது. அக்காலத்தில் புதுமுறை ஓவியத்தை விலை கொடுத்து வாங்குவோரும் சென்னையில் மிகச் சிலரே.

இதற்குப் பணிக்கர் கண்ட வழி எளியது. ஓவியன் தன் கலையை விற்றுத்தான் உண்ணவேண்டும் என்ற கட்டாயம் இருந்தால், வாங்குவோர் விரும்புவதையே அவன் வரைவான். ஆகவே நாளில் சில மணி நேரம் விற்பனையாகக் கூடிய கைத்தொழில் ஒன்றைச் செய்யட்டும். அதில் வரும் வருவாய் வயிற்றைக் காக்கட்டும். எஞ்சிய நேரம் கலைக்கே உரியதாகட்டும் என்று அவர் எண்ணினார்.

மெழுகும் சாயமும்

அவர்கள் தேர்ந்த கைத்தொழில்களில் முதன்மையானது பத்திக் என்னும் துணி வேலை. நெசவாளருக்கு இதனை விளக்க அதிகச் சொற்கள் வேண்டா. வெள்ளைத் துணியில் வெண்மை எங்கெல்லாம் நிற்கவேண்டுமோ அங்கெல்லாம் உருக்கிய மெழுகால் எழுதுகிறார்கள். பின் துணியை வெளிர்ச் சாயத்தில் தோய்க்கிறார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. அது உலர்ந்ததும், வெளிர்நிறம் நிற்கவேண்டிய இடத்தை மெழுகால் மூடி, அடுத்த அடர்ந்த சாயத்தில் தோய்க்கிறார்கள். முடிவில் வெந்நீரில் இட்டு மெழுகை நீக்கினால் உருவம் வெளிப்படும். மெழுகு வெடித்த இடங்களில் சாயம் கசிந்து மெல்லிய நரம்புகள்போல் ஓடியிருக்கும். அதுவே இவ்வேலையின் தனி அழகு.

கலைஞர்கள் 'கலைஞர் கைவினைச் சங்கம்' என ஒன்றை அமைத்தனர். பத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து கண்காட்சி வைத்து விற்றனர். சேர்ந்த பணத்தைக் கொண்டு ஈஞ்சம்பாக்கத்தில் எட்டுப் பத்து ஏக்கர் அளவான கடற்கரை நிலம் வாங்கினர். 1966-இல் சோழமண்டல ஓவியர் கிராமம் பிறந்தது.

அன்று அது மணலும் சவுக்கும் நிறைந்த வெளி. மின்சாரம் இல்லை. முதலில் வந்தவர்கள் கீற்றுக் குடிசைகளில் வாழ்ந்தனர். ஜே. சுல்தான் அலி, கே. வி. ஹரிதாசன், எஸ். ஜி. வாசுதேவ், எம். சேனாதிபதி, பி. கோபிநாத், கே. ராமானுஜம், அர்நவாஸ், பணிக்கரின் மகனும் சிற்பியுமாகிய எஸ். நந்தகோபால் முதலியோர் பெயர்கள் இவ்வூரின் வரலாற்றோடு கலந்தவை. தமிழரும் மலையாளியும் கன்னடியரும் பார்சிப் பெண்மணியும் ஒரே மணலில் அண்டை வீட்டாராயினர். பாரதி பெயரால் ஒரு திறந்தவெளி அரங்கமும் எழுந்தது. கோடைக்கு மட்டும் கூடிக் கலையும் நட்பாக இன்றி, ஆண்டு முழுவதும் ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்கும் நட்பாக அது வேரூன்றியது.

எல்லோரும் அங்கேயே தங்கிவிடவில்லை. எல்லோருக்கும் வாழ்வு இனிதாக அமைந்துவிடவும் இல்லை. விசுவநாதனும் அக்கித்தம் நாராயணனும் பாரிசுக்குச் சென்றனர். கனவுலகம் போன்ற படங்களை வரைந்த ராமானுஜம் 1973-இல் இளம் வயதிலேயே மறைந்தார். பணிக்கர் 1977-இல் காலமானார். ஆயினும் கிராமம் நின்றது. 2009-இல் அங்கே தற்காலக் கலை மையம் ஒன்று திறக்கப்பட்டது. நாங்கள் சென்றபோது, சிற்பத் தோட்டத்து நிழலில் என் நண்பரின் பிள்ளைகள் உட்கார்ந்து கல்லையும் செம்பையும் பார்த்து வரைந்துகொண்டிருந்தனர்.

பிரெஞ்சு நாட்டில் ஒரு கோடை

அன்று மாலை நண்பர் என்னிடம், “நட்பு இருந்தால் போதும், எதையும் சாதிக்கலாம் என்பதற்கு இவ்வூரே சாட்சி” என்றார். நான் உடனே உடன்படவில்லை. வேறொரு கோடையின் கதையை அவருக்குச் சொன்னேன்.

1873-ஆம் ஆண்டு டிசம்பர் 27-ஆம் நாள் பாரிசு நகரில் மோனே, ரெனுவார், பிஸாரோ முதலிய ஓவியர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். அதன் பெயரிலேயே 'கூட்டுறவு' என்னும் சொல் இருந்தது. பொந்துவாஸ் என்னும் ஊரிலிருந்த ரொட்டி சுடுவோர் சங்கத்தின் விதிகளைப் பிஸாரோ முன்மாதிரியாக எடுத்துக் காட்டினார் என்பர். ஆண்டுச் சந்தா 60 பிராங்கு. மாதம் 5 பிராங்காகவும் செலுத்தலாம். 1874 ஏப்ரல் 15-இல் அவர்களுடைய முதற் கண்காட்சி தொடங்கியது. முப்பது ஓவியர்கள் கலந்துகொண்டனர். அரசாங்கச் சார்புடைய தேர்வுக் குழுவின் தயவின்றித் தம் படங்களைத் தாமே மக்கள் முன் வைத்தனர்.

அவ்வாண்டுக் கோடை ஓவிய வரலாற்றில் புகழ் பெற்றது. மோனே தம் மனைவி கமீல், ஏழு வயது மகன் ழான் ஆகியோருடன் சேன் நதிக்கரையிலுள்ள அர்ழாந்தேய் என்னும் ஊரில் குடியிருந்தார். ஆற்றின் மறுகரையில் மானே தம் குடும்ப வீட்டில் கோடையைக் கழிக்க வந்திருந்தார். ஒரு நாள் மோனேயின் தோட்டத்தில், புல்தரையில் அமர்ந்திருந்த தாயையும் மகனையும் மானே வரையத் தொடங்கினார். அவ்வேளையில் ரெனுவார் வந்தார். அவரும் அதே தாயையும் மகனையும் வரைந்தார். இரண்டு படங்களும் இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் உள்ளன. நட்புக்கு அதனினும் அழகிய சான்று வேண்டுமோ?

ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 17-இல் ரெனுவாரின் அறையில் சங்கத்தின் கூட்டம் கூடியது. கணக்குப் பார்த்தபோது, கடன் தீர்க்க அங்கத்தினர் ஒவ்வொருவரும் 184 பிராங்கு 50 சாந்தீம் தரவேண்டியிருந்தது. சந்தாவைப்போல் மும்மடங்கு! சங்கத்தைக் கலைப்பதென்று தீர்மானித்தனர். ஓராண்டு நிறையுமுன் அது முடிந்தது. ஓவியர்கள் 1886 வரை மேலும் ஏழு கண்காட்சிகள் நடத்தினர். உலகப் புகழும் பெற்றனர். எனினும் அந்தச் சங்கம் மீண்டும் எழவில்லை.

பாரிசில் நட்பு குறைவா? இல்லை. திறமை குறைவா? இல்லவே இல்லை. அவர்களுக்குக் கண்காட்சி ஒன்றே தொழில். அது ஆண்டுக்கு ஒரு முறை வருவது. நாள்தோறும் விற்கும் பொருள் அவர்கள் சங்கத்தில் இல்லை. ஈஞ்சம்பாக்கத்தாரிடம் துணி இருந்தது. இவ்விரு கதைகளுக்கும் உள்ள வேற்றுமை இதுவே என்பது என் கருத்து.

என் மேசைக்கு வந்த கோப்பு

இதனை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. பணியில் சேர்ந்த புதிதில், கைவினைஞர்களின் சிறு சங்கம் ஒன்றைக் கலைக்கும் கோப்பு என் மேசைக்கு வந்தது. அதனைத் தொடங்கியவர் இருவர். இளமை முதல் இணைபிரியாதவர்கள். ஒருவரை ஒருவர் நம்பியதால் ரசீது எழுதவில்லை. நோட்டுப் புத்தகத்தில் வரவு இருந்தது, செலவு இருந்தது; யாருக்கு, எதற்கு என்னும் பகுதி வெறுமையாக இருந்தது. விசாரணைக்கு நான் சென்ற நாளில், ஒரே திண்ணையின் இரு கோடியில் இருவரும் முகம் திருப்பி அமர்ந்திருந்தனர். தொகை பெரிதன்று. பணம் எவ்வாறு போயிற்று என்பதைக் காட்ட ஒரு தாளும் இல்லாமையால் இருவரும் ஒருவரை ஒருவர் திருடன் என்று எண்ண வேண்டியதாயிற்று. உண்மையில் இருவருமே திருடர் அல்லர். அவர்களுடைய கடனை எழுதி முடிக்க எனக்கு ஒரு நாள் போதுமாயிருந்தது. அவர்களுடைய நட்பை மீட்டுத் தர எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

நண்பர்கள் சேர்ந்து தொழில் செய்கையில் கணக்கு எழுதுவது அவநம்பிக்கை என்று பலர் கருதுகின்றனர். அது தவறு. கணக்குப் புத்தகம் நட்பின் காவற்காரன்.

நம் ஊரில் என்ன இருக்கிறது?

இப்போது நம் பக்கம் திரும்புவோம். கள்ளக்குறிச்சி மரச் சிற்ப வேலைக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே ஆண்டில் அச்சிறப்பைப் பெற்றது கருப்பூர்க் கலம்காரி ஓவியம். கலம்காரித் துணியில் சாயம் பிடிப்பதற்குத் துணியை முதலில் கடுக்காய்க் கரைசலில் தோய்ப்பார்கள். அக்கடுக்காய் நம் கல்வராயன் மலையில் விளைவது. மலையில் காய், சமவெளியில் உளி, தறியில் நூல், பள்ளியில் தூரிகை. இவையாவும் ஒரு நாள் நடைக்குள் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கின்றன.

என் நண்பர் கோடையில் வரைந்த புத்தகத்தில், கடுக்காய் இலையையும் கோமுகி நீரலையையும் கொண்டு சேலைக் கரைக்கு ஒன்பது மாதிரிகள் இருந்தன. அவற்றை நெசவாள அன்பர் ஒருவரிடம் காட்டினோம். அவர் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார்.

“வாத்தியாரே, படம் நன்றாகத்தான் இருக்கிறது. இதற்கு எத்தனை கொக்கி வேண்டும்?” என்றார்.

நண்பர் விழித்தார். நெசவாளர் பொறுமையாக விளக்கினார். ஜக்கார்டுப் பெட்டியில் எத்தனை கொக்கியோ அந்த அளவுக்குத்தான் உருவத்தின் அகலம் போகும். ஓர் ஊடைக்கு ஓர் அட்டை. உருவம் நூற்றறுபது ஊடை உயர்ந்தால் நூற்றறுபது அட்டை அடிக்கவேண்டும். படத்தைக் கட்டத் தாளில் கட்டம் கட்டமாக மாற்றி எழுதவேண்டும். “அட்டைக்குப் பணம் யார் போடுவது? சேலை விற்காவிட்டால் நட்டம் யாருக்கு? விற்றால் வாத்தியாருக்கு என்ன?” என்று மூன்று கேள்விகள் கேட்டார்.

கேட்ட நண்பரின் முகம் வாடியது. எனக்கோ மகிழ்ச்சி தாங்கவில்லை. ஏனெனில் அம்மூன்று கேள்விகளும் தொடக்கத்திலேயே கேட்கப்பட்டன. திண்ணையின் இரு கோடியில் அமர்ந்த அவ்விருவரும் அவற்றைக் கடைசியில் அல்லவா கேட்டனர்!

ஆகவே அங்கத்தினர்கள் சிந்தனைக்குச் சிலவற்றை வைக்கிறேன். முதலில் ஒன்பது மாதிரிகளில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அட்டைச் செலவைச் சங்கம் முன்பணமாக ஏற்று, விற்கும் ஒவ்வொரு சேலையிலும் சிறிதளவு பிடித்து ஈடு செய்துகொள்ளலாம். வரைந்தவருக்கு மொத்தமாக இன்றி, விற்ற சேலைக்கு இவ்வளவு என்று கொடுக்கலாம். விற்காமற் போனால் நட்டத்தை எவ்விதம் பகிர்வது என்பதை முன்னதாகவே எழுதி, பொதுக்குழுவில் படித்து, ஒப்பம் வாங்கிவிடவேண்டும். கணக்கை மாதந்தோறும் எல்லோர் முன்னிலையிலும் வாய்விட்டு வாசிக்கவேண்டும். இவ்வளவும் செய்தால் அடுத்த கோடையில் மரச் சிற்பியையும் மலையிலிருந்து கடுக்காய் கொணர்வோரையும் அழைக்கலாம். இவை செய்யாமல் அவர்களை அழைப்பது நியாயமாகாது.

நண்பர் இப்போது மாலை வேளைகளில் நெசவாளர் வீட்டுத் தறிக்குழி அருகே அமர்ந்து கட்டத் தாளில் கடுக்காய் இலையை எழுதி வருகிறார். முதல் இலை கொக்கிக்கு மிஞ்சிப் போயிற்று, இரண்டாவது அடங்கியது. அட்டைச் செலவின் உத்தேசக் கணக்கு அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் முன் வைக்கப்படும். யாவரும் தவறாமல் வந்து, கேட்கவேண்டியவற்றை அன்றே கேட்டுவிடுமாறு வேண்டிக்கொள்கிறேன்.