லீயேஜ் நகரத்துத் துப்பாக்கிக் குழல்கள்

ஒரு தேசத்தின் கைத்தொழிலால் அதன் பெயர் உலகெங்கும் பரவுவதுண்டு. சரக்கு எங்கும் பரவியும், செய்தவர் பெயர் ஒருவருக்கும் தெரியாமற் போவதும் உண்டு. பெல்ஜியத்தில் லீயேஜ் நகரையடுத்த வெஸ்டர் நதிப் பள்ளத்தாக்கின் குழற் கொல்லர்களது சரித்திரம் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது.

இரும்பும் நிலக்கரியும் அருகிற் கிடைத்தன; சம்மட்டிகளை இயக்க நதியின் நீரோட்டம் இருந்தது. நெஸ்ஸோன்வோ முதலிய கிராமங்களில் இத்தொழில் வேரூன்றியதற்கு இவையே காரணம்.

டமாஸ்கஸ் குழலென்று புகழ்பெற்றதை அவர்கள் செய்த விதம் வியக்கத்தக்கது. இரும்பையும் எஃகையும் மெல்லிய பாளங்களாக மாறி மாறி அடுக்கிக் காய்ச்சியடித்துக் கம்பிகளாக்குவர். அக்கம்பிகளைக் கயிறுபோல் முறுக்கி, இரண்டு மூன்றை இணைத்துப் பட்டையாக்கி, ஓர் இரும்புத் தண்டின்மேற் கொடி சுற்றினாற்போலச் சுற்றிச் சிறிது சிறிதாகக் காய்ச்சி ஒட்டுவர். பின்பு துளையைக் கடைந்து, புறத்தைத் தேய்த்து, அமிலமிட்டால் இரும்பும் எஃகும் வெவ்வேறு நிறங்கொண்டு பூவேலை போற் புலப்படும். ஒட்டு ஓரிடத்திற் பிழைத்தாலும் வெடிப்பவன் கைக்கே அபாயம்.

ஆகவே பரீட்சை அவசியமாயிற்று. மதகுருவே அரசராயிருந்து லீயேஜை ஆண்ட காலத்தில், 1672-ஆம் ஆண்டிலேயே, குழல்களைச் சோதித்து முத்திரையிட வேண்டுமென்று கட்டளை பிறந்தது. வழக்கத்தினும் மிகுந்த மருந்திட்டு வெடித்துத் தேறிய குழலே முத்திரை பெறும். அயல்நாட்டு வர்த்தகரின் நம்பிக்கைக்கு இம்முத்திரை பெருந்துணையாயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் முடிவுபெறாத குழல்கள் இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் ஏராளமாய் ஏற்றுமதியாயின. பார்க்கர் முதலான அமெரிக்கக் கம்பெனிகள் அவற்றைக்கொண்டு வேட்டைத் துப்பாக்கிகள் செய்து தத்தம் பெயரைப் பொறித்தன. ஆப்பிரிக்காவுக்கோ மலிவான துப்பாக்கிகள் போயின. 1890-ஆம் ஆண்டின் பிரஸ்ஸல்ஸ் உடன்படிக்கை, அக்கண்டத்தின் பெரும்பகுதியில் நவீன ஆயுதங்களைத் தடுத்து, பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிகளை மட்டும் அனுமதித்தது. ஆள்வோர் நவீன ஆயுதம் ஏந்த, ஆளப்படுவோருக்குப் பழையதே போதுமென்பதே இதன் பொருள்!

இத்தகைய தொழில் ஏன் வீழ்ந்தது? புகையற்ற வெடிமருந்து வந்தது. அதற்கு ஒரே எஃகுக் கட்டியைத் துளைத்த குழலே ஏற்றதென்ற எண்ணம் வலுத்தது. அக்குழலை இயந்திரம் மலிவாகவும் செய்தது. 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை லீயேஜைக் கைப்பற்றவே, ஏற்றுமதியும் முறிந்தது. யுத்தம் முடிந்தபின் பழைய வியாபாரம் திரும்பவில்லை.

இதில் ஒரு பாடம் உண்டு. கைத்திறன் மட்டும் ஒரு தொழிலைக் காவாது. முடிந்த பொருளும், அதன்மேற் பொறிக்கும் பெயரும், வாங்குவோரின் தொடர்பும் பிறர் வசமிருக்குமாயின், காலம் மாறும்போது முதலிற் கைவிடப்படுபவன் தொழிலாளியே. பழைய துப்பாக்கிகளிற் பூவேலை இன்றும் மிளிர்கிறது. அதை அடித்தெழுப்பிய கொல்லன் பெயரைத்தான் காணோம்.