பல வருஷம் நின்ற அம்பாசிடர்: ஸ்டீயரிங் ஏன் திரும்ப மறுக்கிறது? சரிசெய்வது எப்படி?

சேலம், நாமக்கல் பக்கத்துக் கிராமங்களில் தார்ப்பாய் போர்த்திய அம்பாசிடரோ பத்மினியோ கொட்டகையில் நிற்கும் வீடுகள் இன்றும் இருக்கின்றன. அப்பா ஓட்டிய வண்டி என்பதால் விற்க மனம் வராது. ஒருநாள் புது பேட்டரி மாட்டி, கார்புரேட்டரைக் கழுவி, இன்ஜினைக் கிளப்பிவிடுவார்கள். ஆனால், ஸ்டீயரிங்கைத் திருப்பினால் தோளே வலிக்கும். ‘பழைய வண்டின்னா அப்படித்தான் இருக்கும்’ என்று ரோட்டுக்கு எடுத்துவிடுகிறவர்களும் உண்டு. ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.

பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் நிற்கும்போது கொஞ்சம் கனமாக இருப்பது இயல்பு. ஆனால், வண்டி மெல்ல உருள ஆரம்பித்ததும் அது இலகுவாகிவிட வேண்டும். ஆகவில்லை என்றால், எங்கோ ஒரு மூட்டு இறுகியிருக்கிறது என்று பொருள்.

ஆபத்து என்ன?

வளைவில் திரும்பிய பிறகு கையைத் தளர்த்தினால் சக்கரம் தானாகவே நேராக வர வேண்டும். முன்சக்கரங்களின் அச்சு அதற்கேற்பச் சாய்த்து அமைக்கப்பட்டிருக்கிறது. மூட்டுகளில் உராய்வு கூடினால் சக்கரம் திரும்பிய இடத்திலேயே நின்றுவிடும். சேலம் - நாமக்கல் நான்குவழிச் சாலையில் லாரியை முந்திவிட்டு நேராக வரும்போது, ஓட்டுநரே ஒவ்வொரு முறையும் இழுத்துத் திருத்த வேண்டியிருக்கும். கொஞ்சம் கூடுதலாக இழுத்தால் வண்டி மறுபக்கம் பாயும்.

நின்ற வண்டியில் ஏன் இறுகுகிறது?

கிரீஸ் என்பது எண்ணெயைப் பிடித்து வைத்திருக்கும் சோப்பு போன்ற பொருள். வருடக்கணக்கில் அசையாமல் நிற்கும்போது எண்ணெய் பிரிந்து வடிந்துவிடும். மிச்சம் இருப்பது மெழுகு மாதிரி காய்ந்துபோகும். மழைக்கால ஈரம் உள்ளே புகுந்தால் துருவும் சேர்ந்துகொள்ளும். ஓடும் வண்டியில் மூட்டுகள் அசைந்துகொண்டே இருப்பதால் கிரீஸ் பரவிக்கொண்டே இருக்கும். நிற்கும் வண்டிக்கு அந்த வாய்ப்பு இல்லை.

எந்த இடம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

எடுத்தவுடன் ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றக் கூடாது. வரிசையாகப் பார்த்தால் கோளாறு தானாகவே சிக்கும்.

முதலில் டயர். காற்று குறைந்திருந்தாலே ஸ்டீயரிங் கனக்கும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு தயாரித்த வாரம், அடுத்த இரண்டு வருடம். டயர் வெடிப்பு விட்டிருந்தால், பட்டன் நன்றாக இருந்தாலும் மாற்றிவிட வேண்டும்.

அடுத்து, முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்து நிறுத்த வேண்டும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகக் கூடாது. இப்போது ஸ்டீயரிங் இலகுவாகத் திரும்பினால், கோளாறு டயரிலோ, சக்கர அலைன்மென்டிலோ, வண்டியின் பாரத்தைத் தாங்கும் பேரிங்கிலோ இருக்கலாம். தூக்கிய பிறகும் கனமாக இருந்தால் மூட்டுகளில்தான் பிரச்சினை.

மூன்றாவது படி, இரண்டு பக்கமும் டை ராடு எண்டைக் கழற்றிவிட்டு ஸ்டீயரிங்கை மட்டும் திருப்பிப் பார்ப்பது. அதுவே டைட்டாக இருந்தால் ஸ்டீயரிங் தண்டின் புஷ், ரேக் அல்லது பாக்ஸ் காரணம். அது இலகுவாக இருந்தால், ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் இடமும் வலமும் தள்ளிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கிறதோ, அந்தப் பக்கத்துக் கிங்பின்தான் இறுகியிருக்கிறது.

வண்டிக்கு வண்டி வைத்தியம் வேறு

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்டது. இதில் இருப்பது ரேக் அண்ட் பினியன் ஸ்டீயரிங். ரேக்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் மண் புகுந்து பல்லைத் தின்றிருக்கும். கழற்றிக் கழுவி, புது உறை போட வேண்டும்.

ஃபியட் 1100 வழிவந்த பத்மினியில் ஸ்டீயரிங் பாக்ஸ் உண்டு. அதில் கியர் ஆயில் இருக்க வேண்டும்; சீல் வழியாகக் கசிந்து காலியாகியிருக்கலாம். முன்பு யாராவது ‘பிளே’யைக் குறைக்க அட்ஜஸ்ட்மென்ட் ஸ்குரூவை அதிகமாக முடுக்கியிருந்தாலும் இறுகும். பாக்ஸ் நடுப்பகுதியில்தான் அதிகம் தேயும். அந்தத் தேய்மானத்தை மறைக்க முடுக்கினால், ஓரங்களில் திருப்பும்போது பிடித்துக்கொள்ளும்.

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு தனி ரகம். இதன் முன்சக்கரம் கீழே ஒரு மரையுள்ள ‘டிரனியன்’ மீது சுழல்கிறது. அதற்குக் கிரீஸ் போதாது, கெட்டியான கியர் ஆயில்தான் ஏற்ற வேண்டும். வறண்டு துருப்பிடித்தால் அந்தத் தண்டு ஓடும்போதே முறிந்து, சக்கரம் மடங்கிவிடும். பல வருஷம் நின்ற ஹெரால்டை, அதைக் கழற்றிப் பார்க்காமல் ஓட்டவே கூடாது.

கிங்பின் இறுகியிருந்தால்?

சக்கரத்தைத் தூக்கிய நிலையிலேயே கிரீஸ் அடிக்க வேண்டும். பாரம் இறங்கியிருந்தால், தேய்மானம் படும் பக்கத்தில் கிரீஸ் நுழையாது. பழைய கறுப்பு கிரீஸ் முழுக்க வெளியேறி, புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடிக்க வேண்டும். நிப்பிள் அடைத்திருந்தால் கழற்றி, துவாரத்தைக் கம்பியால் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊற விடலாம். மறுநாள் சக்கரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் பெரும்பாலும் இளகிவிடும். சுத்தியலால் அடிப்பதும், நீளக் குழாயைச் செருகி நெம்புவதும் வேண்டாம்.

ஸ்பிரே மட்டும் அடித்து விடுவது தீர்வு அல்ல. அன்றைக்கு இலகுவாகும், ஆனால், மிச்சமிருந்த கிரீஸையும் அது கரைத்துவிடும். கோளாறை அப்படியே விட்டுவிட்டு எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் மாட்டுவது இன்னும் மோசம். இறுகிய மூட்டை மோட்டார் இழுக்கும். முறியப் போகும் இடம் கைக்குத் தெரியாமலே போய்விடும்.

புஷ் தேய்ந்திருந்தால் புதுசு போட்டு, ரீமர் கொண்டு அளவு பார்க்க வேண்டும். இந்த வட்டாரத்துக்கு அது ஒரு வசதி. லாரிகளிலும் கிங்பின் உண்டு என்பதால் நாமக்கல், சங்ககிரி பட்டறைகளுக்கு இந்த வேலை புதிதல்ல.

ரோட்டுக்கு எடுக்கும் முன்

கழற்றிய நட்டுகளுக்குப் புது ஸ்பிளிட் பின் போட வேண்டும். பழையதை நிமிர்த்திப் போடக் கூடாது. அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பிறகு காலி மைதானத்தில் மெதுவாக ஓட்டி, திருப்பி, கையைத் தளர்த்திப் பார்க்கலாம். சக்கரம் தானாக நேராக வந்தால் வேலை முடிந்தது.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, வண்டி தகுதியோடு இருக்கிறதா என்று பார்த்துத்தான் புதுப்பிப்பார்கள். ஆர்.சி. காலாவதியாகியிருந்தால் ரோட்டில் ஓட்டிப் பார்க்கும் முன் அதையும் கவனிக்க வேண்டும்.

மறுபடி கொட்டகையில் நிறுத்துவதாக இருந்தால், மாதம் ஒருமுறை முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்டீயரிங்கை இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்கும் பத்து தடவை திருப்பினால் போதும். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒருமுறை கிரீஸ் அடித்துவிட்டால், அடுத்த தலைமுறையும் அதே வண்டியை ஓட்டலாம்.